செக் 2000 கொருனா நோட்டில் இருக்கும் பாடகி யார்? வீட்டுச் சிறைக் கதை எவ்வளவு உண்மை?

வேலை விஷயமாக பிராக் போயிருந்தவர் கேட்ட கேள்வி இது. ஏடிஎம்மில் வந்த 2000 கொருனா நோட்டில் ஒரு பெண்ணின் முகத்தைப் பார்த்து அலுவலகத்தில் விசாரித்திருக்கிறார். "பெரிய ஓபரா பாடகி, முதல் உலகப் போரில் ஆஸ்திரியாக்காரர்கள் வீட்டுச் சிறையில் வைத்தார்கள்" என்று அங்கே சொல்லியிருக்கிறார்கள். அந்தக் கதை உண்மையா, அவர் உலகப் புகழ் பெற்றவரா, உள்ளூர்ப் புகழ்தானா, யாருக்காவது பாட்டு சொல்லிக்கொடுத்தாரா, குரலை இன்றைக்குக் கேட்க முடியுமா என்று அடுக்கியிருக்கிறார். எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால் அவர் கேட்க வருவது ஒன்றுதான்: அந்த இடத்தை அவருக்கு வாங்கிக்கொடுத்தது குரலா, நாட்டுப்பற்றா? குரல்தான் என்பது என் பதில். அதற்கான காரணங்களையும், எந்த இடத்தில் எனக்கே தயக்கம் இருக்கிறது என்பதையும் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

பழைய 78 வேக இசைத்தட்டுகளைச் சுத்தம் செய்து டிஜிட்டலாக மாற்றிக் கொடுப்பது பல வருடங்களாக என் தொழில். மேற்கத்தியக் குரலிசை ஓரளவு முறையாகப் படித்திருக்கிறேன். அதனால் தட்டுகளைப் பற்றி நான் சொல்வதை நம்பலாம். ஆஸ்திரிய அரசியலைப் பற்றி நான் சொல்வதெல்லாம் மற்றவர்கள் எழுதியதைப் படித்துத் தெரிந்துகொண்டதே.

நோட்டில் இருப்பவர் எமா டெஸ்டின்னோவா. செக் நாட்டுக்கு வெளியே எம்மி டெஸ்டின் என்ற பெயரில்தான் அவரைத் தெரியும். தேடும்போது இரண்டு பெயரையும் போட்டுத் தேடுங்கள். ஓவியர் ஓல்ட்ரிச் குல்ஹானெக் வரைந்த அந்த நோட்டு 1996-இல் முதலில் வந்தது. திருப்பிப் பார்த்தால் கிரேக்கர்களின் இசைத் தேவதை யூட்டர்ப்பியும் வயலின், செல்லோவின் பாகங்களும் இருக்கும். இப்போது புழங்கும் ஆறு வகை செக் நோட்டுகளில் இரண்டில்தான் பெண்கள். 500-இல் எழுத்தாளர் போஷெனா நெம்ட்சோவா, 2000-இல் இவர். இதைவிடப் பெரிய நோட்டு 5000 ஒன்றுதான். அதில் நாட்டின் முதல் குடியரசுத் தலைவர் மசாரிக் இருக்கிறார். ஒரு பாடகியை எந்த வரிசையில் வைத்திருக்கிறார்கள் என்பது இதிலேயே தெரிந்துவிடும்.

1878 பிப்ரவரி 26 அன்று பிராக் நகரில் பிறந்தார். பிறந்தபோது வைத்த பெயர் எமிலி கிட்லோவா. அப்பா வசதியானவர், கலைஞர்களை ஆதரித்தவர். அம்மா பாடுவார். குழந்தையை வயலின் கலைஞராக்கத்தான் வீட்டில் நினைத்திருந்தார்கள்; ஃபெர்டினாண்ட் லாக்னரிடம் சேர்த்தார்கள். லாக்னர் சாதாரண வாத்தியார் இல்லை. 1892-இல் இசையமைப்பாளர் த்வொர்ஷாக் அமெரிக்கா கிளம்பும் முன் செக் ஊர்களில் விடைபெறும் கச்சேரிகள் நடத்தியபோது, கூடவே வயலின் வாசித்தவர் அவர். இந்த வயலின் படிப்பு வீண்போகவில்லை என்பது என் எண்ணம். டெஸ்டின்னோவாவின் தட்டுகளில் ஒரு சுரத்திலிருந்து அடுத்த சுரத்துக்கு அவர் நழுவிப் போகும் விதத்தைக் கேட்டால், வில்லைத் தூக்காமல் இழுக்கும் ஒருவரின் பழக்கம் தெரிகிறது. நிரூபிக்கச் சொன்னால் முடியாது. என் காதுக்குப் பட்டதைச் சொல்கிறேன்.

பதின்ம வயதில் பாட்டுப் பக்கம் திரும்பினார். கற்றுக்கொடுத்தவர் மாரி லோவே-டெஸ்டின் என்ற பாடகி. அந்த ஆசிரியையின் பெயரைத்தான் மாணவி தன் மேடைப் பெயராக எடுத்துக்கொண்டார். ஆக, நோட்டில் அச்சாகியிருக்கும் பெயர் அப்பா வீட்டுப் பெயரும் இல்லை, கணவர் வீட்டுப் பெயரும் இல்லை, பாட்டு வாத்தியாரின் பெயர். படிப்பு முடிந்ததும் பிராக் தேசிய நாடக அரங்கில் பாடிக் காட்டினார், எடுத்துக்கொள்ளவில்லை. ட்ரெஸ்டனிலும் இடம் கிடைக்கவில்லை. 'குரலும் இல்லை, திறமையும் இல்லை' என்று சொல்லித் திருப்பி அனுப்பினார்கள் என்று ஒரு கதை உலவுகிறது. நிராகரித்தது உண்மை. அந்த வார்த்தைகள் மட்டும் பின்னால் யாரோ சேர்த்தது மாதிரி இருக்கிறது. புகழ்பெற்ற பாடகர் பாதிப் பேரைப் பற்றி இதே வசனத்தைச் சொல்கிறார்கள்.

எடுத்துக்கொண்டது பெர்லின். 1898 கோடையில், இருபது வயதில், அங்கே 'கவலேரியா ருஸ்திகானா'வில் சாந்தூட்சாவாக மேடை ஏறினார். அதற்குப் பிறகு பத்து ஆண்டுகளுக்கு பெர்லின் அரசவை ஓபராதான் அவருக்கு வீடு. 1901-இல் ஜெர்மனியின் பைராய்ட் இசை விழாவில் இசையமைப்பாளர் வாக்னரின் 'பறக்கும் டச்சுக்காரன்' முதல் முறையாக நடத்தப்பட்டபோது நாயகி சென்டா இவர்தான். வாக்னர் குடும்பமே நடத்தும் அந்த மேடையில் 23 வயதுச் செக் பெண் முதன்மைப் பாத்திரம் ஏற்பது சின்ன விஷயம் இல்லை. 1904-இல் லண்டன் கோவென்ட் கார்டனில் மொட்சார்ட்டின் 'டான் ஜொவான்னி'யில் டோன்னா அன்னா வேடம். அடுத்த ஆண்டே 'மதாமா பட்டர்ஃப்ளை' லண்டனுக்கு முதல் முறை வந்தபோது புகழ்பெற்ற இத்தாலியப் பாடகர் கரூசோவுக்கு ஜோடி. அந்த ஓபரா 1904 பிப்ரவரியில் மிலானில் படுதோல்வி அடைந்து, அதன் இசையமைப்பாளர் புச்சீனி திருத்தி எழுதி மறுபடி மேடையேற்றியது. லண்டனில் நன்றாகப் போனது அதன் உலகப் பயணத்துக்கு ரொம்ப உதவியது.

1906 டிசம்பரில் பெர்லினில் ரிச்சர்ட் ஸ்ட்ராஸின் 'சலோமே'. வெட்டிய தலையை முத்தமிடும் கதை என்பதால் அரண்மனைக்குக் கூச்சம். கடைசியில் வானத்தில் பெத்லகேம் நட்சத்திரம் உதிப்பது போல் காட்டுவது என்று ஒரு சமரசம் செய்துதான் அனுமதி கொடுத்தார்கள். அந்த நட்சத்திரத்தின் கீழே சலோமேயாக நின்றவர் இவர். மறு ஆண்டு பாரிசில் ஸ்ட்ராஸே இசைக்குழுவை நடத்த, அதே பாத்திரத்தைப் பாடினார். ஒரு பக்கம் பட்டர்ஃப்ளை, மறுபக்கம் சலோமே. இன்றைக்கு இந்த இரண்டையும் ஒரே பாடகி ஒரே கால கட்டத்தில் பாட முன்வந்தால் குரல் ஆசிரியர்கள் தலையில் கை வைத்துக்கொள்வார்கள்.

அப்புறம் நியூயார்க். 1908 நவம்பர் 16, மெட்ரோபாலிடன் ஓபராவின் (சுருக்கமாக 'மெட்') அந்த ஆண்டுத் தொடக்க நாள். 'ஐடா'. இவர் ஐடா, கரூசோ ரதாமேஸ். இசைக்குழு நடத்துநர் தோஸ்கனீனிக்கும் அந்த அரங்கில் அதுதான் முதல் நாள். 1909 பிப்ரவரியில் செக் இசையமைப்பாளர் ஸ்மெதனாவின் 'விற்கப்பட்ட மணப்பெண்' அமெரிக்காவில் முதல் முறை மேடையேறியது. நடத்தியவர் குஸ்தாவ் மாலர், அவரும் பொஹீமியாவில் (இன்றைய செக் நாட்டின் ஒரு பகுதி) பிறந்தவர். செக் மக்கள் தங்கள் சொத்தாக நினைக்கும் அந்த ஓபராவில் செக் பாடகி நாயகி மர்ஷென்காவாகப் பாடினார், ஆனால் ஜெர்மன் மொழியில். அன்றைய மெட் அரங்கில் ஸ்மெதனாவை ஜெர்மனில்தான் போட்டார்கள். நாட்டுப்பற்றுக் கதையை எழுதுகிறவர்கள் இதைப் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள். எனக்கு இதில் குறை ஒன்றும் தெரியவில்லை, வேலை அப்படி. அடுத்த ஆண்டு அதே மாலர் நடத்த, சாய்கோவ்ஸ்கியின் 'ஸ்பேட் ராணி' அமெரிக்காவில் முதல் முறை. அதிலும் நாயகி இவரே.

உச்சம் 1910 டிசம்பர் 10. புச்சீனியின் 'லா ஃபன்சூல்லா டெல் வெஸ்ட்', அதாவது 'மேற்கின் பெண்', உலகிலேயே முதல் முறையாக மெட்டில் அரங்கேறியது. புச்சீனி நேரில் வந்திருந்தார். தோஸ்கனீனி நடத்தினார். மூல நாடகத்தை எழுதிய டேவிட் பெலாஸ்கோவே மேடையேற்றத்தைக் கவனித்தார். கலிஃபோர்னியாவில் தங்கம் தோண்டப் போனவர்களின் காலம். மின்னி ஒரு மதுக்கடையை நடத்துகிறாள், இடுப்பில் துப்பாக்கி, சுரங்கத் தொழிலாளிகளுக்கு பைபிளும் சொல்லிக்கொடுக்கிறாள். கரூசோ கொள்ளைக்காரன், பாஸ்குவாலே அமாட்டோ ஷெரிஃப். இரண்டாம் அங்கத்தில் அடிபட்ட கொள்ளைக்காரனை மின்னி பரணில் ஒளித்து வைக்கிறாள். ஷெரிஃப் கையில் மேலிருந்து ரத்தச் சொட்டு விழுகிறது. மாட்டிக்கொண்டதும் "சீட்டு ஆடுவோம், நான் ஜெயித்தால் இவன் எனக்கு" என்கிறாள். கடைசி ஆட்டத்தில் மயக்கம் வருவது போல நடித்து, காலுறைக்குள் ஒளித்த சீட்டுகளை எடுத்து ஜெயிக்கிறாள். அந்தச் சீட்டாட்டத்தின்போது இசைக்குழு ஏறக்குறைய ஓய்ந்து, கீழ்த்தளத் தந்திகள் மட்டும் படபடக்கும். பாடகி பாதி பேசுவது போலப் பாட வேண்டும். ஜெயித்த அடுத்த கணம் முழுக் குரலில் வெடிக்க வேண்டும். மூன்று அங்கமும் முழுக் குழுவைத் தாண்டிக் கேட்க வேண்டும். புச்சீனி எழுதிய சோப்ரானோ (பெண்களின் உச்சக் குரல்) பாத்திரங்களில் இது மிகக் கடினமானவற்றில் ஒன்று. உலகில் முதல் ஆளாக அதைச் செய்தவர் இவர். உள்ளூர்ப் புகழா உலகப் புகழா என்பதற்கு இதற்கு மேல் பதில் வேண்டாம் என்று நினைக்கிறேன்.

துரதிருஷ்டம் என்னவென்றால், அந்த ஓபராவிலிருந்து ஒரு வரியைக்கூட அவர் தட்டில் பதியவில்லை. கரூசோவும் பதியவில்லை. மற்றபடி தட்டுகளுக்குப் பஞ்சமில்லை. 1900-களின் தொடக்கத்திலிருந்து பல கம்பெனிகளுக்குப் பாடியிருக்கிறார். 1908-இல் பெர்லினில் 'கார்மென்' ஏறக்குறைய முழுசாக, ஜெர்மனில், தட்டு தட்டாகப் பதிவானது, கார்மென் இவர். சோப்ரானோவுக்கு எழுதாத பாத்திரம் அது, ஆனால் அவருடைய கீழ்த்தளச் சுரங்கள் அதற்குத் தாங்கின. நாலு நிமிடத்துக்கு ஒருமுறை நிறுத்தி, பதிவாகும் மெழுகுத் தட்டை மாற்றி ஒரு முழு ஓபராவைப் பாடுவது என்றால் எவ்வளவு பொறுமை வேண்டும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். 1990-களில் செக் நிறுவனம் சுப்ராபோன் அவருடைய பதிவுகளைத் திரட்டி 12 சிடிகளாக வெளியிட்டது. இணையத்திலும் ஏராளம் கிடைக்கிறது.

ஆனால் கேட்பதற்கு முன் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். மைக் வைத்துப் பதியும் முறை 1925-இல்தான் வந்தது. இவருடைய பேர்பெற்ற தட்டுகள் எல்லாம் அதற்கு முந்தியவை. சுவரிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு தகரக் குழலின் வாய்க்குள் பாடுவார்கள். அந்த அதிர்வே ஊசியை அசைத்து மெழுகில் கீறும். மின்சாரமே கிடையாது. குரல் பெரிசாக இருந்தால் ஊசி துள்ளிப் பதிவு கெட்டுவிடும். அதனால் உச்ச சுரம் வரும்போது பாடகர் பின்னால் நகர வேண்டும், மெல்லிய இடத்தில் குழலுக்குள் தலையை நீட்ட வேண்டும். இதற்கென்றே பக்கத்தில் ஒருவர் நின்று பாடகரின் தோளைப் பிடித்து முன்னும் பின்னும் நகர்த்துவது உண்டு. பெரிய குரல்களுக்குத்தான் இதில் அதிக நஷ்டம். சுமார் 2500 ஹெர்ட்ஸுக்கு (நொடிக்கு 2500 அதிர்வு) மேல் அந்தக் குழல் பெரிதாக எதையும் பிடிக்காது. ஒரு பயிற்சி பெற்ற குரல் இசைக்குழுவைக் கிழித்துக்கொண்டு கடைசி வரிசைக்குப் போவதற்குக் காரணமான பளபளப்பு 3000 ஹெர்ட்ஸ் பக்கம்தான் இருக்கிறது. அதாவது அவரைப் பெரிய பாடகியாக்கிய பொருளில் பாதி தட்டுக்குள் ஏறவே இல்லை. அவருடைய குரல் மெட் அரங்கில் எவ்வளவு பெரிதாக ஒலித்தது என்று தட்டைக் கேட்டு யாரும் சொல்ல முடியாது, நானும்தான்.

இன்னொரு சிக்கல் வேகம். 78 என்று பேர்தானே தவிர, அந்தக் காலத் தட்டுகள் 70-லிருந்து 82 வரை கம்பெனிக்குத் தகுந்தபடி மாறும். நிமிடத்துக்கு நாலரைச் சுற்று கூடினாலே சுருதி அரைப் படி ஏறிவிடும், குரல் கீச்சென்று ஆகிவிடும். இணையத்தில் இவருடைய பாட்டு ஒன்று ஒரு சின்னப் பெண் பாடுவது மாதிரி இருந்தால், அவரைக் குறை சொல்லாதீர்கள். ஏற்றியவர் வேகத்தைச் சரிபார்க்கவில்லை என்று அர்த்தம். ஓபராவின் அச்சிட்ட சுரத்தாளில் எந்தச் சுருதி என்று பார்த்து, தட்டு அதற்குப் பொருந்தும் வரை வேகத்தைக் குறைப்பதுதான் எங்கள் வேலையில் முதல் படி. சரியான வேகத்துக்கு வந்ததும் அவருடைய நடுத்தளக் குரலில் ஒரு இருட்டு வந்து உட்காரும். அதுதான் அவர்.

இத்தனை நஷ்டத்தையும் தாண்டி என்ன மிஞ்சுகிறது? மேல்தளத்தில் மென்மையாகப் பாடுவது. உச்ச சுரத்தைச் சத்தமாக அடிக்கப் பலரால் முடியும். அதை மெலிதாகத் தொட்டு, அங்கேயே நிறுத்தி, நடுக்கம் இல்லாமல் இழைய விடுவது மிகச் சிலருக்கே வரும். அந்த மென்மையைக் குழல்கூட மறைக்கவில்லை. அதே சமயம், சில தட்டுகளில் தாளத்தை ரொம்ப இழுக்கிறார், சில இடங்களில் கீழ்க்குரலுக்கு மாறும்போது தையல் தெரிகிறது. அந்தக் காலத்துப் பாணி அது என்று சொல்லித் தப்பிக்கலாம். எனக்கு அது பாணிக் குறையாகவே படுகிறது.

அவரைச் சுற்றி நிறையக் கதைகள் உண்டு. சிங்கக் கூண்டுக்குள் நின்று பாடினார் என்பது உண்மை. 1913-இல் ஒரு ஜெர்மன் மௌனப் படத்துக்காகச் செய்தார். மௌனப் படத்தில் எதற்குப் பாட்டு என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை, ஆனால் விளம்பரம் என்ற கலை அன்றைக்கே நன்றாக வளர்ந்திருந்தது. காலில் பெரிய பாம்பு ஒன்றைப் பச்சை குத்தியிருந்தார் என்று பியானோ மேதை ஆர்தர் ரூபின்ஸ்டைன் தன் நினைவுகளில் எழுதியிருக்கிறார். அவர் எழுதினார் என்பது நிச்சயம். முதுமையில், சுவைக்காக எழுதுகிற ஒருவரின் ஒற்றைச் சாட்சி அது என்பதையும் சேர்த்தே எடுத்துக்கொள்ளுங்கள். கரூசோ கல்யாணம் செய்துகொள்ளக் கேட்டார், இவர் மறுத்தார் என்ற கதையும் அப்படியே. இருவரும் நெருங்கிய சக கலைஞர்கள் என்பதற்கு மேல் நான் அழுத்திச் சொல்ல மாட்டேன்.

இனி வீட்டுச் சிறை. தெற்கு பொஹீமியாவில், யிண்ட்ரிஹூவ் ஹ்ராடெட்ஸ் பக்கத்தில் ஸ்ட்ராஷ் என்ற சின்ன ஊர். நெஷார்கா ஆற்றங்கரையில் ஒரு பழைய மாளிகை. 1914-இல், போருக்குச் சற்று முன், அதை விலைக்கு வாங்கினார். அந்தக் காலத்தில் அவருடைய துணை டின் ஜிலி என்ற பிரெஞ்சு பாரிட்டோன் (நடுத்தள ஆண்குரல் பாடகர்), அல்ஜீரியாவில் பிறந்தவர், மெட்டில் கூடப் பாடியவர். செக் பகுதிகள் அப்போது ஆஸ்திரியப் பேரரசின் கீழ் இருந்தன. போர் வந்ததும் ஆஸ்திரியாவுக்கு பிரான்ஸ் எதிரி நாடாகிவிட்டது. எதிரி நாட்டுப் பிரஜை என்று ஜிலியை அடைத்துவைத்தார்கள். டெஸ்டின்னோவா அமெரிக்காவில் பாதுகாப்பாக, நல்ல சம்பளத்தில் இருந்தார். 1916-இல் அதையெல்லாம் விட்டு ஊருக்குத் திரும்பினார். அதிகாரிகள் பாஸ்போர்ட்டைப் பறித்தார்கள். வெளிநாட்டில் செயல்பட்ட செக் விடுதலை இயக்கத்தோடு தொடர்பு என்று சந்தேகம். ஸ்ட்ராஷை விட்டு நகரக் கூடாது என்று உத்தரவு. இதுவரை உறுதி.

ஏன் திரும்பினார் என்பதில்தான் கதைகள் பிரிகின்றன. அந்த இயக்கத்தின் தலைவர் மசாரிக் தரப்பின் செய்திகளையோ ஆவணங்களையோ ஒளித்துக் கொண்டுவந்தார் என்பது ஒன்று. ஜிலிக்காக வந்தார் என்பது இன்னொன்று. வாங்கிப் போட்ட சொத்தைக் காப்பாற்ற வந்தார் என்று சொல்பவர்களும் உண்டு. மூன்றும் ஒன்றுக்கொன்று முரண் இல்லை. விடுதலை இயக்கத்தின்மேல் அவருக்கு அனுதாபம் இருந்தது, ஆஸ்திரியக் காவல்துறையும் அதை நம்பியது. அதற்கு மேல் அவரைப் பெரிய உளவாளியாக்கிப் பேசுவது எனக்கு மிகையாகப் படுகிறது. காலத்தையும் பாருங்கள். செக் அரசியல் தலைவர் கரேல் க்ரமார்ஷை 1915-இல் கைது செய்து, தேசத்துரோகம் என்று தூக்குத் தண்டனையே விதித்திருந்தார்கள்; 1917-இல் புதுப் பேரரசர் கார்ல் பொது மன்னிப்பு கொடுத்த பிறகுதான் வெளியே வந்தார். அதோடு ஒப்பிட்டால் பாடகிக்குக் கிடைத்தது மாளிகை, தோட்டம், மீன் பிடிக்க ஆறு. மீன் பிடிப்பதில் அவருக்குப் பைத்தியமே உண்டு. ஆகவே 'சிறை' என்ற சொல்லைக் கேட்டுக் கம்பிகளை நினைத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் ஒரு பாடகிக்கு 38 வயதிலிருந்து 40 வயது வரை உலக மேடை பூட்டப்படுவது கம்பியைவிடக் குறைந்த தண்டனையும் இல்லை. குரல் முதிர்ந்து, அனுபவமும் சேர்ந்து, இரண்டும் ஒன்றாக இருக்கும் காலம் அது. திரும்ப வராது.

மாளிகை ஜன்னல், கீழே கண்ணீரோடு ஊர் மக்கள் என்கிற மாதிரிக் காட்சிகள் பலர் மனதில் இருப்பதற்குக் காரணம் 1979-இல் வந்த ஒரு செக் திரைப்படம். இந்த வீட்டுச் சிறைக் காலத்தை வைத்து எடுத்தது. அதில் பாடும் குரல் கப்ரியெலா பெனாச்கோவாவுடையது, மிக அருமையான குரல். படத்தை ரசியுங்கள், ஆனால் அதை வைத்து வரலாறு படிக்காதீர்கள். அலுவலக நண்பர் சொன்ன கதைக்கும் மூலம் அந்தப் படமாக இருக்கலாம்.

1918-இல் செக்கோஸ்லோவாக்கியா பிறந்தது. 1919-இல் கோவென்ட் கார்டன் மறுபடி திறந்தபோது அவர் போய்ப் பாடினார், இந்த முறை செக் வடிவப் பெயரான எமா டெஸ்டின்னோவா என்று போட்டுக்கொண்டு. அதே ஆண்டு மெட்டுக்கும் திரும்பினார். ஆனால் அங்கே காலம் நகர்ந்துவிட்டது. ரோசா பொன்செல் வந்துவிட்டார், கிளாடியா மூட்சியோ வந்துவிட்டார். 1921-க்குப் பிறகு மெட்டில் இவர் இல்லை. அந்த ஆண்டின் இறுதியில் பர்னோ நகரத்தில் பிறந்த மரியா யெரிட்சா அங்கே புது நட்சத்திரம் ஆனார். சொந்த ஊரிலும் மனக்கசப்புதான். இருபது வயதில் வேண்டாம் என்ற பிராக் தேசிய அரங்கு, நாற்பது தாண்டியபோதும் அவருக்கு நிரந்தர இடம் தரவில்லை. அப்போதைய ஓபரா இயக்குநர் ஓதகார் ஒஸ்த்ர்சில் நட்சத்திரப் பாடகர்களை நம்பாமல் குழுவாக வேலை செய்ய விரும்பியவர். அவர் பக்கம் நின்று பார்த்தால் அதிலும் நியாயம் இருக்கிறது. பாடகி பக்கம் நின்று பார்த்தால் அவமானம். 1923-இல் தன்னைவிட ரொம்ப இளையவரான ஒரு விமானப் படை அதிகாரியை மணந்தார். கவிதை, நாடகம், நாவல் எல்லாம் எழுதினார். எழுத்தில் பாட்டின் உயரத்தை எட்டவில்லை.

கற்றுக்கொடுத்தாரா என்ற கேள்விக்கு வருகிறேன். கற்றுக்கொடுத்தார். அதற்குச் சான்றாக ஒரே ஒரு மாணவி போதும், பாடகி யர்மிலா நோவோத்னா. 1907-இல் பிராக் நகரில் பிறந்தவர். டெஸ்டின்னோவாவிடம் படித்து, 1925 ஜூனில், 17 வயதில், தேசிய அரங்கில் மர்ஷென்காவாக மேடை ஏறினார். ஆசிரியைக்கு நியூயார்க்கில் ஜெர்மனில் கிடைத்த அதே பாத்திரம். ஆசிரியையை வேண்டாம் என்ற அதே அரங்கு. அப்புறம் இத்தாலி, பெர்லின், வியன்னா. 1934-இல் லெஹாரின் 'ஜூடிட்டா' வியன்னாவில் அரங்கேறியபோது ரிச்சர்ட் டௌபருக்கு ஜோடி. 1940 ஜனவரியில் மெட்டில் மிமியாக அறிமுகமாகி, 1956 வரை அங்கே இருநூறு தடவைக்கு மேல் பாடினார். 1942-இல் லிடிட்சே கிராமத்தை நாஜிகள் அழித்த பிறகு, யான் மசாரிக் பியானோ வாசிக்க, செக் நாட்டுப்பாடல்களை அந்தக் கிராமத்தின் நினைவாகப் பதிந்தார். குடியரசுத் தலைவர் மசாரிக்கின் மகன்தான் யான், அன்றைக்கு நாடு கடந்த அரசின் வெளியுறவு அமைச்சர்.

ஆசிரியர் என்ற முறையில் டெஸ்டின்னோவாவை மதிக்க எனக்கு ஒரு காரணம் உண்டு. நோவோத்னாவின் குரல் அவருடையதுக்கு நேர் எதிர். எடை குறைவு, ஒளி அதிகம். பெரிய பாடகர்கள் வாத்தியாராக மாறும்போது வழக்கமாகச் செய்யும் கெடுதல், தங்கள் குரலை மாணவரின் தொண்டைக்குள் திணிப்பது. இளம் குரலை ஐடாவையும் சலோமேயையும் நோக்கித் தள்ளியிருந்தால் பத்து ஆண்டுகளில் கதை முடிந்திருக்கும். அது நடக்கவில்லை. நோவோத்னா பேர் வாங்கியது செருபீனோ, ஒக்டாவியன், மிமி, வயலெட்டா போன்ற வேடங்களில், முப்பது வருடத்துக்கு மேல் பாடினார். இதில் ஆசிரியைக்கு எவ்வளவு பங்கு, மாணவியின் புத்திசாலித்தனத்துக்கு எவ்வளவு பங்கு என்று வெளியிலிருந்து அளக்க முடியாது. கெடுக்கவில்லை என்று மட்டும் சொல்லலாம், அதுவே இந்தத் தொழிலில் பெரிய பாராட்டு.

டெஸ்டின்னோவா 1930 ஜனவரி 28 அன்று செஸ்கே புடயோவிட்சே நகரத்தில் பக்கவாதம் தாக்கி இறந்தார். 52 வயதுகூட முடியவில்லை. பிராக் விஷேஹ்ராட் கல்லறைத் தோட்டத்தில், நாட்டின் பெரிய கலைஞர்களுக்கான ஸ்லாவீன் நினைவிடத்தில் இருக்கிறார். அங்கே போனால் ஸ்மெதனா, த்வொர்ஷாக் கல்லறைகளையும் அதே நடையில் பார்த்துவிடலாம். ஒரு நாள் ஒதுக்க முடிந்தால் ஸ்ட்ராஷ் மாளிகைக்கும் போகலாம்; அவர் நினைவாக அங்கே காட்சியறை வைத்திருக்கிறார்கள். போகும் முன் திறந்திருக்கிறதா என்று விசாரித்துக்கொள்ளுங்கள், பல செக் மாளிகைகள் குளிர்காலத்தில் மூடியிருக்கும்.

கேட்பதற்கு எங்கே தொடங்குவது? பலரும் 1914-இல் கரூசோவோடு பாடிய 'இல் குவாரனி' இரட்டைப் பாட்டைச் சொல்வார்கள். அதில் வேண்டாம், கரூசோ வந்தால் காது அவர் பின்னாலேயே போய்விடும். ஸ்மெதனாவின் 'முத்தம்' ஓபராவில் வரும் தாலாட்டில் தொடங்குங்கள், வெள்ளைப் புறாவைப் பற்றிய பாட்டு. மொழி தெரியாவிட்டாலும் தொட்டில் ஆட்டம் புரியும், மேலே சொன்ன மெல்லிய உச்ச சுரமும் கிடைக்கும். அடுத்து த்வொர்ஷாக்கின் 'ருசால்கா'வில் நிலாவைப் பார்த்துப் பாடுவது. இந்தப் பாட்டை இன்றைய பாடகி யாராவது பாடியதை முதலில் ஒருமுறை கேட்டுவிட்டு இவரிடம் வந்தால், எது பதிவின் குறை, எது அவருடைய பாணி என்று காது தானாகப் பிரித்துக்கொள்ளும். அதற்குப் பிறகு 'தோஸ்கா', 'பட்டர்ஃப்ளை'. ஹெட்ஃபோன் வேண்டாம், இரைச்சல் நேராகக் காதுக்குள் வரும். சாதாரண ஸ்பீக்கரில், கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து கேளுங்கள். ஒரே பாட்டுக்கு இரண்டு மூன்று பிரதிகள் கிடைத்தால், சுருதி தாழ்ந்து ஒலிப்பதை முதலில் கேட்டுப் பாருங்கள், அநேகமாக அதுதான் சரியான வேகமாக இருக்கும்.